புது வீட்டிற்கு நிழல் மரங்கள்: விரைந்து வளர்வனவும் நிலைத்து நிற்பனவும்

புதிதாக வீடு கட்டிக் குடிபுகுவோர் முதன்முதலில் விரும்புவது நிழலேயாகும். மனையைச் சமப்படுத்தி அஸ்திவாரம் தோண்டும்பொழுதே அங்கிருந்த மரஞ்செடிகள் பெரும்பாலும் வெட்டுண்டு போகின்றன. வீட்டு வேலை முடிந்து கிரகப்பிரவேசம் நடக்கும் நாளில் செங்கற்பொடியும் மணலும் சிதறிய வெட்டவெளியே சுற்றிலும் எஞ்சி நிற்கின்றது. முற்காலத்துக் கூரை வீடுகள் வெயில் தாழ்ந்த சிறிது நேரத்திற்குள் ஆறிவிடும். இக்காலத்துக் காங்கிரீட் தளமும் செங்கற் சுவரும் பகலெல்லாம் உட்கொண்ட வெப்பத்தை இரவு முழுவதும் வெளிவிட்டுக்கொண்டிருப்பதால், சித்திரை வைகாசி மாதங்களில் அவ்வீட்டிலுள்ளோர் உறக்கமின்றித் துன்புறுகின்றனர். ஆகவே, "எந்த மரம் சீக்கிரம் வளரும்?" என்று அவர்கள் கேட்பது இயல்பே.

அக்கேள்வி நியாயமானதாயினும் பாதிக் கேள்வியேயாம். "எந்த மரம் காற்றில் நிற்கும்?" என்பது அதன் மறுபாதி. இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்பவருக்கு ஒரே மரம் விடையாக அமைவது அரிது. விரைவான நிழலை ஒரு செடியினிடத்தும் நிலையான நிழலை மற்றொரு மரத்தினிடத்தும் பெறுதலே சிறந்த வழி. அவ்வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரைவின் விலை

ஒரு மரம் மிக விரைந்து உயர்வதென்றால், அது தன் உணவை உயரத்திற்கும் இலைக்கும் மிகுதியாகச் செலவிட்டு, கட்டைக்கும் வேருக்கும் குறைவாகச் செலவிடுகின்றது என்பதே பெரும்பாலும் பொருள். அத்தகைய மரத்தின் கட்டை இலேசானதாயும், வைரம் பாயாததாயும் இருக்கும். கிளைகள் அடிமரத்துடன் சேருமிடத்தில் பிடிப்புப் போதாது. பல இனங்களில் வேர்கள் ஆழச் செல்லாமல் மேல்மண்ணிலேயே பரவி நிற்கும். அமைதியான நாட்களில் இக்குறைகள் எவையும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புயல் வந்த இரவில்தான் அவை வெளிப்படும்.

நம் நாட்டில் ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் வங்கக் கடலில் புயல் தோன்றுவது வழக்கம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ணுருட்டிப் பகுதியின் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் சாய்த்தது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையின்மீது வீசியபொழுது ஆயிரக்கணக்கான மரங்கள் தெருக்களிலும் வீட்டு முற்றங்களிலும் வீழ்ந்தன. பூவின் அழகையும் விரைந்த வளர்ச்சியையும் கருதி நடப்பெற்ற செம்மயிற்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி முதலியவை அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலில், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் அடியோடு வீழ்ந்ததைக் குடியானவர்கள் இன்னும் மறந்திலர்.

தோப்பில் வீழும் மரம் வருமானத்தைக் கெடுக்கும். வீட்டை ஒட்டி வீழும் மரமோ தகரக் கொட்டகையையும், கட்டிய மாட்டையும், உறங்கும் மனிதரையும் நசுக்கிவிடும். ஆதலின் வயலோரத்து மரத்தைத் தெரிந்தெடுப்பதைக் காட்டிலும் வீட்டு மரத்தைத் தெரிந்தெடுப்பதில் அதிக எச்சரிக்கை வேண்டும்.

நிழல் எப்பக்கம் வேண்டும்?

மரத்தின் பெயரைத் தீர்மானிக்குமுன் அதன் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால், கோடையில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கின்றது. கன்னியாகுமரியில் பங்குனி இறுதியிலும், சென்னையில் சித்திரை மாதத்து முற்பகுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகின்றது. அப்பொழுது தெற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் வெயில் மிகுதியாகப் படுவதில்லை. சுவர்களுள் பெருந்துன்பம் அடைவது மேற்குச் சுவரே. பிற்பகல் இரண்டு மணி முதல் மாலை வரை சரிந்து விழும் வெயில் அதன்மீது நேராகப் படுகின்றது. அந்நேரத்தில் காற்றும் தரையும் முன்னமே சூடேறியிருப்பதால் துன்பம் இரட்டிக்கின்றது. எனவே முதல் மரம் மேற்கே நிற்றல் வேண்டும். இரண்டாவது மரத்திற்கு இடமிருப்பின் அது கிழக்கே அமையலாம். தென்புறத்தையும் தென்கிழக்கையும் கூடுமானவரை திறந்து விடுதல் நலம். தென்றலும், கடலோர ஊர்களில் பிற்பகற் கடற்காற்றும் அவ்வழியே வீட்டிற்குள் வரும். மார்கழி தை மாதங்களில் தெற்கே சாய்ந்த இளவெயில் அப்பக்கம் படுவதும் வேண்டத்தக்கதே.

மேற்கில் எவ்விடத்தில் என்பதை அளந்து அறியலாம். சித்திரை அல்லது வைகாசியில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு, மேற்கு முற்றத்தில் ஆறு அடிக் கோல் ஒன்றை நேராக நட்டு அதன் நிழலைப் பார்க்கவும். நிழல் சுமார் ஒன்பது அடி நீளமிருக்கும். அதாவது உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு. அது நேர் கிழக்கே விழாமல் சற்றே தெற்காகச் சாய்ந்திருப்பதும் தெரியவரும். கோடையில் மாலைச் சூரியன் நேர் மேற்கிற்குச் சிறிது வடக்கே இருப்பதே இதற்குக் காரணம். ஆகையால், மரம் சுவரின் நடுப்பகுதிக்கு நேரே நில்லாமல், மூன்று முதல் ஐந்து அடி வடக்கே தள்ளி நின்றால் நிழல் சுவரின் நடுவில் வந்து விழும்.

இக்கணக்கிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்கும். சுவரிலிருந்து 18 அடி தொலைவில் 15 அடி உயரமுள்ள மரமொன்று நிற்பின், மாலை நான்கு மணிக்கு அதன் நிழல் சுவரில் மூன்று அடி உயரம் மட்டுமே ஏறும். அம்மரமே 25 அடி உயர்ந்தபின் 13 அடிச் சுவர் முழுவதையும் மறைத்துவிடும். ஆனால், எட்டு அடி தொலைவில் நிற்கும் 12 அடிச் செடியொன்று இப்பொழுதே ஏறக்குறைய ஏழு அடி உயரத்திற்குச் சுவரை மறைக்கும். சிறிய செடி அருகில் நின்றால் சீக்கிரம் நிழல் கிடைக்கின்றது. பெரிய மரமோ தொலைவில் நின்றால்தான் ஆபத்தில்லை. எனவே ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்போமாக.

இரட்டை நடவு

வெற்றிலைக் கொடிக்கால் வைப்போர் இம்முறையை நன்கு அறிவர். கொடிக்கு நிழலும் பிடிப்பும் வேண்டி அவர்கள் முதலில் அகத்தியை விதைத்து, அது உயர்ந்தபின் அதன் அடியில் கொடியை நடுவர். அகத்தி அங்கே பயிரன்று, பயிருக்குத் துணை. வீட்டு முற்றத்திலும் அகத்தியை அவ்வாறே கொள்ளலாம்.

வீட்டின் மேற்குச் சுவரிலிருந்து 18 முதல் 20 அடி தொலைவில் நிலைமரம் ஒன்றை வைக்கவும். அதே சமயத்தில், சுவருக்கும் நிலைமரத்திற்கும் இடையில், சுவரிலிருந்து எட்டு அடி தள்ளி, இரண்டு அல்லது மூன்று அகத்தி விதைகளை ஆறடிக்கு ஒன்றாக ஊன்றவும். அகத்தி தண்ணீரும் எருவும் கிடைக்கும் இடத்தில் ஓராண்டு முடிவதற்குள் 10 முதல் 12 அடி உயரம் வளர்ந்துவிடும். அதன் இலை கீரையாகும். ஆட்டுக்கும் பசுவுக்கும் தீனியாகும். பூவும் கறிக்கு உதவும். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்து மண்ணை வளப்படுத்தும். ஒரே தடவையில் இலை முழுவதையும் ஒடித்துவிட்டால் அகத்தி பட்டுப்போகும். ஆதலால் மேற்கொழுந்துகளை விட்டுவைத்துப் பறித்தல் அவசியம்.

அகத்தியின் கட்டை மிக மெல்லியது. காற்றில் ஒடியும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கைப்பிடிப் பருமனுள்ள இலேசான செடி ஒடிந்து சுவரின்மேல் சாய்வதால் பெருந்தீங்கு நேராது. அது முதிர்ந்து பருக்குமுன் அகற்றப்படவேண்டும் என்பதே முக்கியம்.

அகத்திக்கு மாறாக முருங்கைப் போத்து நடுவோரும் உளர். முருங்கை காயும் கீரையும் தரும். ஆனால் நிழல் அடர்த்தியன்று. மழைக்காலத்தில் அடிமரத்தில் கூட்டங்கூட்டமாகக் கம்பளிப்பூச்சி மொய்ப்பதால் சன்னலருகே அதனை வைத்தல் தகாது. கல்யாண முருங்கை போத்திலிருந்து எளிதில் துளிர்க்கும் என்றாலும், தை மாசியில் இலையுதிர்த்துப் பூக்கும் இயல்புடையது; முள்ளும் உண்டு.

முதற் கோடையிலேயே நிழல் வேண்டுவோர் சுவரை ஒட்டி மூங்கிற் பந்தலிட்டுக் கோவை அல்லது சுரையைப் படரவிடலாம். பந்தலைச் சுவருக்கு ஓரடி தள்ளி அமைத்தால் இடையே காற்று உலவும். சுவரில் ஈரம் ஏறாது. இவ்வாறு முதலாண்டு கொடியும், அடுத்த மூன்றாண்டு அகத்தியும், அதற்குப்பின் நிலைமரமும் முறையே வீட்டைக் காத்துவரும்.

நிலைமரமாகத் தகுதியுடையன

புங்கம்: வீட்டு மரங்களுள் முதலிடம் தரத்தக்கது. நடுத்தர உயரமும் குடைபோன்ற அடர்ந்த தழையும் உடையது. பங்குனி வாக்கில் பழைய இலை உதிர்ந்த சில நாட்களிலேயே புதுத் துளிர் நிறைந்துவிடுவதால், கடுங்கோடையில் இதன் நிழல் முழுமையாகக் கிடைக்கின்றது. களிமண், மணல், சிறிது உவர்ப்பான நிலம் ஆகிய எதிலும் வளரும். ஆற்றோர ஈரத்தையும் மானாவாரி வறட்சியையும் தாங்கும். தழை நெல் வயலுக்குச் சிறந்த பசுந்தாள் உரம். விதையிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். இலைகளில் கொப்புளங்கள் தோன்றுவதைக் கண்டு சிலர் அஞ்சுவர். அதனால் மரத்திற்குக் கேடில்லை. பூ உதிர்ந்து முற்றத்தில் குவிவதொன்றே குறை. நல்ல நிலத்தில் ஐந்தாண்டில் 12 முதல் 15 அடி உயரத்தை எதிர்பார்க்கலாம்.

வேம்பு: வறண்ட செம்மண் பூமிக்கும், சரளைக்கும், கரம்பைக்கும் ஏற்றது. ஆணிவேர் ஆழச் செல்லும். முதலிரண்டு ஆண்டுகள் மெதுவாக வளர்வதாகத் தோன்றினும், வேர் ஊன்றியபின் விரைந்து எழும். நீர் தேங்கும் பள்ளத்தில் வேம்பு நிலைக்காது. வேர் அழுகி வீழும். வயற்காட்டை ஒட்டிய தாழ்ந்த மனைக்கு இதனைத் தெரிந்தெடுத்தல் கூடாது. மழைக்காலத்தில் கொழுந்துகள் கருகுமாயின், நோயுற்ற நுனிகளை வெட்டி எரித்துவிட வேண்டும். பெரும்பாலும் மரம் மீண்டும் தழைத்துவிடும்.

பூவரசு: கடலோரத்து உப்புக் காற்றையும் உவர் நிலத்தையும் தாங்கும். ஆண்டு முழுவதும் இலையுண்டு. கட்டை வைரம் பாய்ந்து தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் வண்டி வேலைக்கும் உதவும். இதனை மணிக்கட்டுப் பருமனுள்ள போத்தாக நடுவதே வழக்கம். ஓராண்டில் தழைத்துவிடும் என்பதால் அவ்வாறு செய்கின்றனர். போத்திலிருந்து வந்த மரத்திற்கு ஆணிவேர் இல்லை. வெட்டுவாயின் வழியே நீர் இறங்கி நாளடைவில் நடுப்பகுதி பொந்தாவதும் உண்டு. வேலியோரத்திற்குப் போத்து போதும். வீட்டருகே வைப்பதற்கு விதையிலிருந்து எழுந்த கன்றே வேண்டும்.

நாட்டு வாதுமை: கடற்கரை மணலுக்கு மற்றொரு நல்ல மரம். அடுக்கடுக்காகக் கிளைவிட்டு விரைந்து நிழல் தரும். ஆண்டிற்கு இருமுறை இலை சிவந்து உதிரும். அகன்ற அவ்விலைகள் மாடியின் நீர்ப்போக்குக் குழாய்களை அடைத்துக்கொள்ளுமாதலால், தளத்தின்மேல் கிளை நீளவொட்டாமல் கவனித்தல் வேண்டும்.

மகிழ்: இது விரைந்து வளர்வதன்று. ஆயினும் எப்பொழுதும் பசுமையாயும், கட்டை உறுதியாயும், உருண்டு திரண்ட தழையுடனும் இருப்பதால், பேரப்பிள்ளைகளை எண்ணி நடுவோருக்கு ஏற்றது. மனை விசாலமாயின் கிழக்கே ஒரு மகிழ் வைக்கலாம்.

வீட்டருகே விலக்கத்தக்கன

செம்மயிற்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. வேர் மேலோடுவது, கிளை எளிதில் முறிவது. பூக்குமுன் சில வாரங்கள் இலையின்றி நிற்பதால், வெயில் ஏறும் காலத்தில் நிழலும் தராது. தூங்குமூஞ்சி அமெரிக்க வெப்ப நாடுகளின் மரம். சாலைக்கும் சந்தைத் திடலுக்கும் சிறந்தது. அதன் தலைப்பரப்பு ஒரு சிறு மனையை முழுவதும் மூடி அண்டை வீட்டையும் எட்டும். வாகை விரைந்து வளரினும் கோடையின் தொடக்கத்தில் இலையுதிர்த்து நெற்றுகளுடன் வெறுமையாக நிற்கும். இலவும் பெருமரமும் மெல்லிய கட்டையுடையன. உயர்ந்தபின் வீட்டிற்கு ஆபத்து. நெட்டிலிங்கம் ஒடுங்கி உயர்வதால் அழகேயன்றி நிழல் சிறிதே.

ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் வேர் சுவர்ப் பிளவுகளிலும் கிணற்றுக் கட்டிலும் நுழைந்து நாளடைவில் பிளந்துவிடும். அவற்றிற்குரிய இடம் குளக்கரையும் கோயில் திடலும். பறவையின் எச்சத்தால் மாடிக் கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு பிடுங்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் நாற்றுப் பண்ணைகளில் கோனோகார்ப்பஸ் என்னும் செடி, எப்பொழுதும் பசுமையானதென்றும் மிக விரைந்து வளர்வதென்றும் விற்கப்பட்டு வந்தது. குஜராத் அரசு 2023-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டரசு 2025-ஆம் ஆண்டிலும் அதனை நடுவதற்குத் தடை விதித்தன. விரைவு ஒன்றையே கண்டு ஒரு மரத்தை ஊரெங்கும் பரப்புதல் எவ்விடத்தில் கொண்டுபோய் விடும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

குழியும் கன்றும்

ஆனி ஆடி மாதங்களில் மூன்றடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி வெட்டி ஆறப்போட வேண்டும். புது வீட்டு மனையில் இவ்வேலை மிக அவசியம். ஏனெனில் கட்டட வேலையில் சிந்திய சுண்ணாம்பும் சிமிட்டியும் ஓட்டுத் துண்டும் மண்ணுக்குள் அழுத்தப்பட்டிருக்கும். வண்டிகள் ஏறியிறங்கித் தரையும் இறுகியிருக்கும். கற்பாங்கான கழிவை நீக்கிவிட்டு, மேல்மண்ணுடன் ஏரி வண்டலும் இரண்டு மூன்று கூடை மக்கிய தொழு எருவும் கலந்து குழியை நிரப்புக. வடகிழக்குப் பருவமழை பெறும் மாவட்டங்களில் புரட்டாசி ஐப்பசியிலும், தென்மேற்குப் பருவமழை பெறும் மேற்கு மாவட்டங்களில் ஆனியிலும் நடலாம்.

பத்து அடி உயரமுள்ள கன்றை விலை கொடுத்து வாங்கினால் காலம் மிச்சப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வளவு காலம் சிறு பையிலோ தொட்டியிலோ அடைபட்ட கன்றின் வேர்கள் போக இடமின்றி வட்டமாகச் சுற்றிக் கொண்டிருக்கும். நட்டபின்னும் அவ்வட்டம் தானாக விரியாது. மரம் மேலே பெருக்கும். அடியிலோ பம்பரம் போன்ற முடிச்சின்மேல் நிற்கும். பத்தாண்டு கழித்துப் பெருங்காற்றில் அம்மரம் அடியோடு புரளும்பொழுதுதான் காரணம் தெரியவரும். ஆகையால் ஒன்றரை முதல் மூன்று அடி உயரமுள்ள இளங்கன்றையே வாங்கவேண்டும். பையைக் கிழித்துப் பார்த்து, சுற்றிய வேர்களைக் கூரிய கத்தியால் நறுக்கி விரித்து நடுக.

இதனினும் சிறந்தது, புங்கத்தையும் வேம்பையும் அவ்விடத்திலேயே விதைப்பது. குழிக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்தபின் வலியதொன்றை நிறுத்தி மற்றவற்றைக் களையலாம். அசைக்கப்படாத ஆணிவேர் நேராக இறங்கும். சில ஆண்டுகளில் வாங்கி நட்ட பெருங்கன்றையும் அது எட்டிப்பிடித்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: வேப்ப விதை சில வாரங்களிலேயே முளைக்குந் தன்மையை இழக்கும். ஆனி ஆடியில் பழுத்து விழுந்த பழங்களைப் பொறுக்கி, சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். புங்க விதை அவ்வளவு அவசரப்படுத்தாது.

இடந்தெரியும்பொழுது கிணறு, கழிவுநீர்த் தொட்டி, நீர்க்குழாய் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளுக. மேலே மின்கம்பி செல்லும் வரிசையை முற்றிலும் விலக்குக. அண்டை மனையின் எல்லையிலிருந்து பத்து அடி விட்டால் பின்னாளில் வழக்கு வராது. மூன்று சென்ட் மனையில் இவ்வளவு தொலைவும் கிடைப்பது கடினம். அங்கே பெருமரத்தை வலிந்து திணிப்பதைவிட, கொடிப்பந்தலோடும் சிறு செடிகளோடும் நின்றுவிடுவதே அறிவுடைமை.

தண்ணீரும் கத்தரிப்பும்

நாள்தோறும் சிறிது நீரைத் தண்டின்மேல் தெளிப்பதால் வேர் மேலேயே தங்கிவிடும். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி, வாரத்திற்கு இருமுறை இரண்டு மூன்று குடம் நீரை மண் ஊறும்படி விடுக. மணற்பாங்கான இடத்தில் தடவையை அதிகமாக்கலாம். இரண்டாம் ஆண்டில் பத்து நாட்களுக்கு ஒரு முறையும், மூன்றாம் ஆண்டில் கடுங்கோடையில் மட்டும் நீர் போதும். நீரைத் தேடி வேர் கீழே இறங்கவேண்டும் என்பதே நோக்கம். பாத்தியில் சருகு பரப்பினால் ஈரம் காக்கும். முற்றத்துக்குக் கல் பாவும்பொழுது மரத்தைச் சுற்றி நாற்புறமும் மூன்றடியாவது மண்ணாகவே விடுதல் வேண்டும். அடிமரம் வரை சிமிட்டி பூசப்பட்ட மரமும், குழாய் பதிக்க ஒரு பக்கத்து வேர் அறுபட்ட மரமும் எவ்வினத்ததாயினும் புயலில் நிற்பது அரிது.

கன்றுக்கு முட்டுக் கொடுத்தால் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் சிறிது அசைந்தால்தான் அடிமரம் பருக்கும். ஆடு மாடுகளுக்கு முள்வேலி அடைப்பது சொல்லாமலே விளங்கும்.

ஒரே உயரத்தில் இரண்டு தலைகள் கவட்டையாகப் பிரிந்தால், சிறிதாயிருக்கும்பொழுதே ஒன்றை நீக்குக. அவ்வாறு விடப்பட்ட கவட்டைதான் பின்னாளில் நடுவே பிளந்து வீட்டின்மேல் வீழ்கின்றது. கீழ்க்கிளைகளை ஆண்டிற்கு ஒன்றிரண்டாகக் கழித்து, அடிமரத்தை எட்டு அடி வரை ஒற்றையாக்கலாம். ஆண்டுதோறும் ஆவணி புரட்டாசியில், பருவமழைக்கு முன்னரே, உலர்ந்த கிளைகளையும் தளத்தின்மேல் நீண்டவற்றையும் நெருங்கி உராய்வனவற்றையும் அகற்றினால் காற்று மரத்தினூடே புகுந்து போய்விடும். புயற் செய்தி கேட்டவுடன் தலையை மொட்டையாக வெட்டுவது தவறு. வெட்டுவாயில் எழும் புதுத் துளிர்கள் மேற்பட்டையில் மட்டும் ஒட்டி நிற்பன. அடுத்த காற்றில் அவையே முதலில் முறிந்து வீழும்.

ஐந்து சென்ட் மனைக்கு ஒரு திட்டம்

உதாரணமாக, கிழக்கு மேற்காக 60 அடியும் தெற்கு வடக்காக 36 அடியும் உள்ள ஐந்து சென்ட் மனையில், கிழக்கு வாசல் வைத்து, முன்னால் ஆறு அடி விட்டு 26 அடிச் சதுர வீடு கட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மேற்கே 28 அடி முற்றம் எஞ்சும். அதில் சுவரிலிருந்து 18 அடியில், நடுவுக்கு நான்கு அடி வடக்கே, ஒரு புங்கம். மேற்கெல்லைக்குப் பத்து அடி மீதமிருக்கும். சுவரிலிருந்து எட்டு அடியில் மூன்று அகத்தி. சுவருக்கு ஓரடி தள்ளிக் கோவைப் பந்தல். கழிவுநீர்த் தொட்டியை முதலிலேயே கிழக்கு முன்புறத்தில் அமைத்தால் வேர்த் தொல்லையில்லை. வீட்டு வரைபடம் போடும் நாளிலேயே மரத்திற்கும் ஒரு புள்ளி குறித்துவிட்டால், பின்னர் எதையும் இடிக்கவும் வேண்டியதில்லை, வெட்டவும் வேண்டியதில்லை.

இரண்டாங் கோடையில் அகத்தி சுவரில் பாதியை மறைக்கும். மூன்றாமாண்டில் புங்கத்தின்மேல் சாயும் அகத்திக் கிளைகளைக் கழித்து அதற்கு வெளிச்சம் விடுக. நான்காமாண்டு ஆவணியில் அகத்தி முழுவதையும் அடியோடு வெட்டி நீக்குக.

இக்கடைசி வேலையில்தான் பலரும் தயங்குகின்றனர். நான்காண்டு நிழலும் கீரையும் தந்த மரத்தை வெட்ட மனம் வராது. புங்கமோ இன்னும் 12 அடிதான் வளர்ந்திருக்கும். அந்தக் கோடையில் சுவர் சற்றுச் சுடத்தான் செய்யும். அகத்தியைத் தங்கவிட்டால், அதன் நிழலில் புங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீண்டு வலுவிழக்கும். முதிர்ந்த அகத்தியும் ஒரு கார்த்திகை இரவில் முறிந்து விழும். அப்பொழுது துணையும் இல்லை, நிலைமரமும் இல்லை. ஒரு கோடையின் வெம்மையைப் பொறுத்துக்கொண்டவருக்கு, ஒளி முழுவதும் பெற்ற புங்கம் நாற்புறமும் சமமாகத் தழைத்து, சில ஆண்டுகளுக்குள் மேற்குச் சுவர் முழுவதையும் மறைத்து நிற்கும்.

ஆதலால் இவ்வாண்டு வீடு கட்டுவோர் ஆனி மாதத்திலேயே குழியை வெட்டிவைத்து, புங்க விதை மூன்றும் அகத்தி விதை மூன்றும் கையில் வைத்திருப்பார்களாக. செலவு சிறிதே. முதல் மழை விழுந்து குழி மண் நன்றாகப் படிந்தவுடன் விதையை ஊன்றிவிடலாம்.